தேய்மானம்

சாந்தியாகோவிலிருந்து வரவேண்டிய நிபுணரைக்
காற்று இறங்கவிடவில்லை.
புன்தா அரேனாஸ் ஓடுதளத்துக்கு மேல்
இரண்டு முறை சுற்றிவிட்டு
வந்த வழியே போய்விட்டது விமானம்.

கீழே, கல்லூரி அரங்கில்
நாற்பது நாற்காலி, ஆறிப்போன காப்பி,
ஒரு முனை பிரிந்து ஆடும் பதாகை:
‘ஆசிரியர் திறன் மேம்பாடு. மூன்று நாள்.’

ஏற்கெனவே பதினான்கு சான்றிதழ் வைத்திருக்கிறேன்.
ஒன்றில் எட்விகெஸ் மன்சீயாவாகிய நான்
எட்வார்தோ மன்சீயா.
என்னைவிடக் கவனமாகக் கற்றவன் அவனாயிருக்கும் என்று
அதையும் கோப்பில் சேர்த்திருக்கிறேன்.

வந்ததற்கு ஏதாவது செய்யலாம் என்று
முதல்வர் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி
பெயர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்.
ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்கார வேண்டும்.
வாய் திறக்கக் கூடாது.

எனக்கு வந்தது: ஓயார்சோ, வெல்டிங்.
ஒரே வாகன நிறுத்தத்தில்
இருபத்திரண்டு குளிர்காலம்
கண்ணாடிப் பனி சுரண்டியிருக்கிறோம்.
பேசிக்கொண்டது பனியைப் பற்றி மட்டும்.

என் கணக்கியல் வகுப்பில்
கடைசி பெஞ்சில், கையுறையைக்கூடக் கழற்றாமல்,
மின்முனை அட்டைப்பெட்டியின் பின்புறம்
கோடு கோடாகப் போட்டுக்கொண்டே இருந்தார்.
போகும்போது மேசையில் வைத்துவிட்டுப் போனார்:

*கேட்ட கேள்வி 41.
நீங்களே சொன்ன பதில் 38.
மீதி மூன்றில் ஒன்று, மணி என்ன என்பது.*

பற்றவைப்பவனுக்கு
பற்றுவரவு என்ன தெரியும் என்று
அன்று இரவு பாத்திரங்களிடம் கத்தினேன்.

மறுநாள் என் முறை.
அவர் பட்டறையில் யாரும் பேசவில்லை.
முகமூடிகள், நீல வெளிச்சம்,
கொதி எண்ணெயில் மாவு பொரிவதுபோல ஓர் ஓசை.
ஒரு பையனின் ஓசை மட்டும் விட்டுவிட்டு வெடித்தது.
ஓயார்சோ அவன் பின்னால் போய் நின்றார்.
நின்றார், அவ்வளவுதான்.
நான் என்றால் அதற்குள்
மூன்று உதாரணம், ஒரு வரைபடம்.
பையன் முழங்கையைக் கொஞ்சம் தாழ்த்தினான்.
ஓசை ஒன்றானது.
ஓயார்சோ அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

வியாழன் மாலை, இரவு வகுப்பு.
நண்டு ஆலையிலிருந்து நேராக வந்தவர்கள்,
உப்பு வாடை, பாதித் தூக்கம்.
கேட்டேன்:
ஓடாமல் நின்ற வருடத்துக்கும்
இயந்திரத்துக்கு ஏன் தேய்மானம் எழுதுகிறோம்?

பதில் என் நாக்கில் உட்கார்ந்திருந்தது.
கடித்துக்கொண்டேன்.
ஒன்று. இரண்டு.
ஜன்னல் சட்டம் அதிர்ந்தது. நான்கு.
முன்வரிசையில் ஒருவர் என்னைப் பார்த்து
உடம்பு சரியில்லையா என்பதுபோலப் புருவம் தூக்கினார்.
ஆறு என்று எண்ணியபோது
என் தொழிலே என்னைவிட்டுப் போய்விட்டது போலிருந்தது.

“துரு,” என்றாள் யாஸ்னா.
இந்தப் பருவம் முழுக்க அவள் குரலை நான் கேட்டதில்லை.
“அப்பா படகு ரெண்டு வருஷம் கரையில கிடந்துச்சு டீச்சர்.
கடலுக்குப் போற படகைவிட
அதுதான் சீக்கிரம் போச்சு.”

பிறகு பின்னாலிருந்து ஒருவர்
டயர் கூட அப்படித்தான் என்றார்.
இன்னொருவர் இல்லை என்றார்.
வகுப்பு என் கையில் இல்லை.
சாக்பீஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

மேம்பாட்டுப் படிவத்தில்
‘பயிற்சி நேரம்’ என்ற கட்டத்தில்
ஏழு விநாடி என்று எழுதிக் கொடுத்தேன்.
அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது:
குறைந்தபட்ச அலகு நான்கு மணி.

திருத்தவில்லை இன்னும்.
இன்று காலை ஒன்பதரை, இருட்டு விலகவில்லை.
ஓயார்சோ தன் கண்ணாடியைச் சுரண்டி முடித்து
என்னுடையதையும் பாதி சுரண்டிவைத்திருந்தார்.
எப்படிப் போகிறது வகுப்பு என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை.
அவரும் அவசரப்படவில்லை.